விண்டோஸ் 10-ல இருந்து 11-க்கு போறீங்களா, சிஸ்டத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க

ஊருக்கு போயிருந்தப்ப அப்பா சொன்னாரு, "சிஸ்டத்துல என்னமோ எழுதி வருதுப்பா, இனிமே இதுக்கு அப்டேட் வராதாம், கடைல கேட்டேன், இது பழசு சார், 11 ஏறாது, புதுசு வாங்கிடுங்கன்னுட்டாங்க"ன்னு. 2019-ல அசெம்பிள் பண்ணின சிஸ்டம் அது, ஐ3 9100 ப்ராசசர், 8 ஜிபி ராம், ரெண்டு வருஷம் முன்னாடி நானே எஸ்எஸ்டி மாத்திக் கொடுத்தேன், இன்னைக்கும் ஸ்விட்ச் போட்டா அரை நிமிஷத்துல வந்து நிக்கும். அதை எப்படி பழசுன்னு தள்ள முடியும்? உட்கார்ந்து பார்த்தேன், மதர்போர்டுல ஒரே ஒரு செட்டிங் ஆஃப்ல இருந்துச்சு. ஆன் பண்ணிட்டு மறுநாள் காலைல ஆரம்பிச்சேன், மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள விண்டோஸ் 11 ஏறிடுச்சு.

இதே மாதிரி எத்தனை வீட்டுல நல்ல சிஸ்டத்தை மூலைல போட்டுட்டு புதுசுக்கு நாப்பதாயிரம் அம்பதாயிரம்னு எடுத்து வச்சிட்டு இருக்காங்களோ தெரியல, அதனாலதான் இதை எழுதுறேன். இன்னொரு காரணமும் இருக்கு, அப்கிரேட் பண்றது கஷ்டமே இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதை செய்யாம விட்டுட்டு போட்டோ போச்சு டாகுமெண்ட் போச்சுன்னு கலங்கி நிக்கிறவங்களை நிறைய பார்த்துட்டேன்.

முதல்ல ஏன் மாத்தணும்னு சொல்லிடுறேன். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29, அதுக்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. முடிஞ்சுதுன்னா சிஸ்டம் நின்னு போயிடும்னு பயப்படாதீங்க, அது பாட்டுக்கு ஓடும், ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்கன்னா அதை அடைக்கிற பேட்ச் உங்களுக்கு வராது. சும்மா பாட்டு கேக்குற சிஸ்டம்னா கூட பரவாயில்ல, நெட் பேங்கிங், வருமான வரி, ஆதார்னு எல்லாத்தையும் அதுலயே பண்ற வீட்டுல அது சரியா வராது. உடனே மாத்த முடியலன்னா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வர்ற மாதிரி ஒரு வழி இருக்கு, இஎஸ்யுன்னு சொல்வாங்க. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல்னு ஒரு லிங்க் காட்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போய் செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசு இல்லாமலே கிடைக்கும். இது ஒரு இடைக்கால ஏற்பாடுதான், அதுக்கும் உங்க விண்டோஸ் 10 கடைசி வெர்ஷனான 22எச்2-ல இருக்கணும்.

ஒண்ணை மறக்காம வீட்டுப் பெரியவங்க கிட்ட சொல்லி வைங்க. "உங்க விண்டோஸ் காலாவதி ஆயிடுச்சு, நாங்க சரி பண்ணித் தரோம்"னு யாராவது போன் பண்ணா, இல்ல பிரவுசர்ல சைரன் மாதிரி சத்தம் போட்டுட்டு ஒரு நம்பர் வந்து நின்னா, அது திருட்டுக் கும்பல். மைக்ரோசாஃப்ட் அப்படி தானா யாருக்கும் போன் பண்ணாது.

சரி, உங்க சிஸ்டம் தாங்குமான்னு பாக்குறது எப்படி. மைக்ரோசாஃப்ட் சைட்லயே பிசி ஹெல்த் செக்னு ஒரு சின்ன ஆப் கொடுக்குறாங்க, இறக்கி ஓட விட்டா ஏறுமா ஏறாதா, ஏறலன்னா எதனாலன்னு தனித்தனியா காட்டும். 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் இதெல்லாம் பேப்பர்ல இருக்கிற கணக்கு, நிஜத்துல 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இல்லாம 11 போட்டீங்கன்னா ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்துக்கிட்டு இருக்கணும், அதனால இன்னும் பழைய சுத்துற ஹார்டு டிஸ்க்லயே ஓட்டிட்டு இருந்தா முதல் செலவா எஸ்எஸ்டி வாங்குங்க, 256 ஜிபி போதும், விண்டோஸ் மாத்துறதை விட அதுலதான் பெரிய வித்தியாசம் தெரியும். ப்ராசசர் இன்டெல்னா 8-வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், ஏஎம்டின்னா பெரும்பாலும் ரைசன் 2000 சீரிஸ்ல இருந்து. ஐ5 8400-னு இருந்தா அந்த நாலு இலக்கத்துல முதல் இலக்கம் 8, அதுதான் தலைமுறை. ஐ5 7400-னா அது 7, லிஸ்ட்ல இல்ல.

ப்ராசசர் சரியா இருந்தும் "இந்த பிசில 11 ஏறாது"ன்னு வந்துச்சுன்னா உடனே மனசை விட்டுடாதீங்க, முக்கால்வாசி நேரம் அது டிபிஎம் 2.0 விஷயமாதான் இருக்கும். டிபிஎம்ங்கிறது சிஸ்டத்தோட ரகசிய சாவியெல்லாம் பூட்டி வைக்கிற ஒரு பெட்டின்னு வச்சுக்கோங்க. தனியா சிப் வாங்கி மாட்டணும்னு சிலர் சொல்றாங்க, இந்த தலைமுறை ப்ராசசர்ல அது உள்ளயே இருக்கு, வீட்டுக்கு அசெம்பிள் பண்ற போர்டுல பலதுல கம்பெனியில இருந்து வரும்போதே ஆஃப்ல வந்துடும், அவ்வளவுதான். அப்பா சிஸ்டத்துல இதேதான். இன்டெல் போர்டுல இதுக்கு பேரு பிடிடி, ஏஎம்டி போர்டுல எஃப்டிபிஎம். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டோட செட்டிங் பக்கம் ஒண்ணு இருக்கு, பயோஸ்னு பேரு, அதுக்குள்ள போய் தேடணும்.

பயோஸ்குள்ள போக ஆன் பண்ணும்போது டெலீட் கீயோ எஃப்2-வோ தட்டிக்கிட்டே இருக்கணும், கம்பெனிக்கு கம்பெனி மாறும். அந்த ஒரு செகண்டை பிடிக்க முடியலன்னா விண்டோஸ்குள்ள இருந்தே போகலாம்: செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெகவரி, அதுல அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்புக்கு கீழ ரீஸ்டார்ட் நௌ. நீல ஸ்கிரீன் வரும், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்னு வரிசையா போனா நேரா பயோஸ்ல கொண்டு போய் விடும். அங்க பிடிடி இல்ல எஃப்டிபிஎம்னு இருக்கிறதை எனேபிள் ஆக்கி சேவ் பண்ணிட்டு வெளில வாங்க, ஹெல்த் செக்கை மறுபடி ஓட விடுங்க. வேற எந்த செட்டிங்கையும் தொடாதீங்க, என்ன மாத்தினீங்களோ அதை மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அந்த யுஇஎஃப்ஐ ஆப்ஷனே அங்க வரலன்னா உங்க சிஸ்டம் அந்த புது முறையில இல்லாம பழைய லெகசி முறையில ஆன் ஆகிட்டு இருக்குன்னு அர்த்தம். ஸ்டார்ட் மெனுல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு தேடி திறந்தா பயோஸ் மோட்னு ஒரு வரி இருக்கும், அதுலயும் லெகசின்னே போட்டிருக்கும். இங்கதான் ரொம்ப கவனம் வேணும். யாரோ வீடியோல சொன்னாங்கன்னு நேரா பயோஸ்ல போய் லெகசியை யுஇஎஃப்ஐ-ன்னு மாத்திட்டா அடுத்த தடவை விண்டோஸே வராது, ஏன்னா டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில பிரிச்சிருக்கு, அதை முதல்ல ஜிபிடி-க்கு மாத்தணும். அதுக்கு விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, டேட்டா அழியாமலே மாத்தும், ஆனா பேக்கப் இல்லாம நான் கூட அதை ஓட்ட மாட்டேன். கமாண்ட் டைப் பண்ணி பழக்கம் இல்லாதவங்க இந்த ஒரு வேலையை மட்டும் தெரிஞ்சவங்களை பக்கத்துல வச்சுக்கிட்டு பண்ணுங்க.

இப்ப பேக்கப். இதை எவ்வளவு சொன்னாலும் பத்தாது. எங்க சித்தப்பா வீட்டு சிஸ்டம் ஸ்லோவா இருக்குன்னு பக்கத்துல ஒரு கடைல கொடுத்தாரு, "ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம் சார், டேட்டா எல்லாம் டி டிரைவ்ல சேஃபா இருக்கும்"னு சொன்னாங்க, அவரும் தலையாட்டிட்டு வந்துட்டாரு. டி டிரைவ் சேஃபாதான் இருந்துச்சு. ஆனா பாட்டியோட எண்பதாவது பிறந்தநாள் போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டர்ல கிடந்துச்சு, டெஸ்க்டாப்ங்கிறது சி டிரைவ்தான்னு சித்தப்பாவுக்கு தெரியாது, கடைல அந்த பையனும் கேக்கல. பாட்டி இப்ப இல்ல. அந்த நூத்தி சொச்சம் போட்டோல எங்க கிட்ட மிஞ்சினது வாட்ஸ்அப்ல அனுப்பின நாலு.

அதனால டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் இந்த நாலும் சி டிரைவ்ல இருக்குன்னு நினைவுல வச்சுக்கோங்க. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒண்ணு வாங்கி அதுல முழுசா காப்பி பண்ணுங்க, காப்பி ஆனதும் வேற ஒரு சிஸ்டத்துல மாட்டி பத்து ஃபைலாவது திறந்து பாருங்க, திறக்குதான்னு பாக்காத பேக்கப்பை நம்பாதீங்க. நம்ம வீடுகள்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் பீரோ மாதிரி, பட்டா, வில்லங்க சான்றிதழ், பசங்க மார்க்‌ஷீட், இன்ஷூரன்ஸ் பாலிசி எல்லாம் அங்கதான் கிடக்கும். டிஸ்க்ல இடம் பத்தலன்னு டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்துல போய் எல்லாத்துக்கும் டிக் போட்டு அழிப்பாங்க, அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸும் ஒண்ணா நிக்கும், அதுல மட்டும் டிக் இருக்கக் கூடாது. பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டு எந்த மெயில் அக்கவுண்ட்ல சிங்க் ஆகுதுன்னு பாத்து வைங்க. வீட்டுல டேலி வச்சு கணக்கு பாக்குறவங்க டேட்டா ஃபோல்டரை தனியா எடுங்க, ஃபார்மேட் அடிக்கப் போறீங்கன்னா லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு அப்புறம் தொடுங்க.

நம்ம ஆளுங்க அதிகமா மறக்குற ஒண்ணு ஃபான்ட். அப்பா ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி இருந்தே கடிதம், சங்க நோட்டீஸ் எல்லாம் பாமினில அடிச்சு வச்சிருக்காரு. எந்த சிஸ்டத்துல திறந்தாலும் தமிழ் தமிழாவே தெரியுற முறைக்கு யுனிகோட்னு பேரு, பாமினி யுனிகோட் கிடையாது, அடில இருக்கிறதெல்லாம் ஆங்கில எழுத்துதான், ஃபான்ட்தான் அதுக்கு தமிழ் உருவம் கொடுக்குது. ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல அதே ஃபைலை திறந்தா அம்மான்னு அடிச்சது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு நிக்கும், பாக்குறவங்க ஃபைல் கெட்டுப் போச்சுன்னு அழிச்சே போட்டுடுவாங்க. ஃபைல் கெடல, ஃபான்ட்தான் இல்ல. அதனால சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ்னு உள்ள போய் நீங்களா போட்ட தமிழ் ஃபான்ட் எல்லாத்தையும் காப்பி பண்ணி அதே ஹார்டு டிஸ்க்ல வைங்க. இருக்கிற விண்டோஸ் மேலயே ஏத்துற அப்கிரேட்ல ஃபான்ட் போகாது, ஃபார்மேட் அடிச்சா போயிடும்.

அடுத்து பிட்லாக்கர் சாவி, அதாவது டிஸ்க்கை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியோட சாவி, முக்கியமா லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு. தங்கச்சி லேப்டாப்ல நான் பயோஸ் அப்டேட் ஒண்ணு போட்டேன், ரீஸ்டார்ட் ஆகி நீல ஸ்கிரீன்ல 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நின்னுடுச்சு. அப்படி ஒண்ணு ஆன்ல இருக்குன்னே அவளுக்கு தெரியாது, வாங்கினப்ப மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டதும் தானா ஆன் ஆயிருக்கு. அந்த சாவி அவ அக்கவுண்ட்ல இருக்கும், ஆனா அந்த அக்கவுண்ட் காலேஜ் காலத்து மெயில் ஐடி, பாஸ்வேர்டு மறந்து போச்சு. பழைய சிம் இன்னும் அம்மா போன்ல உயிரோட இருந்ததால ஓடிபி வந்துச்சு, ரெண்டு மணி நேரத்துல மீட்டோம். அந்த சிம்மை ரீசார்ஜ் பண்ணாம விட்டிருந்தா அவ ப்ராஜெக்ட் மொத்தமும் போயிருக்கும். நான் முதல்லயே பாத்திருக்கணும், பாக்கல, இப்ப யார் லேப்டாப்பை தொட்டாலும் முதல் வேலையா இதைத்தான் கேக்குறேன். செட்டிங்ஸ்ல அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள்ள டிவைஸ் என்கிரிப்ஷன்னு அந்த பூட்டு இருக்கான்னு பாருங்க, ஆன்ல இருந்தா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிவைஸஸ் பக்கத்துல ரெகவரி கீயை எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அதே லேப்டாப்புக்குள்ள நோட்பேட்ல சேவ் பண்ணி பிரயோஜனம் இல்ல, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ள வச்சு பூட்டின கதைதான்.

லைசென்ஸ் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. முறையான விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகி இருந்தா 11-க்கு தனியா காசு கிடையாது. செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்துல டிஜிட்டல் லைசென்ஸ்னு போட்டிருந்தா அது மதர்போர்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், பின்னாடி ஃபார்மேட் அடிச்சாலும் கீ கேக்குற இடத்துல கீ இல்லன்னு சொல்லிட்டு ஹோமோ ப்ரோவோ, முன்னாடி இருந்த அதே எடிஷனை போட்டா நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆயிடும். 32 பிட் விண்டோஸ் 10 ஓட்டுறவங்களுக்கு மட்டும் நேரா மேல ஏத்துற வழி இல்ல, 11 வந்தது 64 பிட்ல மட்டும்தான், சுத்தமா புதுசாதான் போட்டாகணும்.

அப்கிரேட் பண்ற நாள். லீவு நாளா, காலைல ஆரம்பிங்க, மறுநாள் ஆடிட்டருக்கு ஃபைல் அனுப்பணும்ங்கிற ராத்திரில ஆரம்பிக்காதீங்க. டெஸ்க்டாப்னா யுபிஎஸ் இல்ல இன்வெர்டர்ல இருக்கணும், எங்க ஊர்ல மாசாந்திர பராமரிப்புக்கு கரண்ட் கட் பண்ற நாளை முன்னாடியே சொல்லிடுவாங்க, அந்த நாளா இல்லாம பாத்துக்கோங்க. லேப்டாப்னா சார்ஜரை மாட்டியே வைங்க. சி டிரைவ்ல ஒரு 30 ஜிபியாவது காலியா இருக்கணும். வெளில வாங்கிப் போட்ட ஆன்ட்டிவைரஸ் இருந்தா அன்இன்ஸ்டால் பண்ணுங்க, விண்டோஸ்ல இருக்கிற டிஃபெண்டர் பாத்துக்கும். கீபோர்டு மவுஸ் தவிர பென்டிரைவ், பிரிண்டர், வெப்கேம் எல்லாத்தையும் கழட்டிடுங்க, பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கை கண்டிப்பா கழட்டி பீரோல வைங்க.

செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் போனா 11 ரெடின்னு காட்டுச்சுன்னா டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால் கொடுங்க, அதுதான் சுலபம். காட்டலன்னா மைக்ரோசாஃப்ட் சைட்ல விண்டோஸ் 11 டவுன்லோட் பக்கத்துல இன்ஸ்டாலேஷன் அசிஸ்டன்ட்னு இருக்கும், அதை இறக்கி ஓட விட்டா அதே வேலையை பண்ணும். மைக்ரோசாஃப்ட் சைட்னு சொன்னா அது மட்டும்தான், கூகுள்ல தேடி முதல்ல வர்ற விளம்பர லிங்க்ல எல்லாம் போய் இறக்காதீங்க. டவுன்லோட் நாலைஞ்சு ஜிபி ஆகும், மொபைல் ஹாட்ஸ்பாட்ல பண்றவங்க டெய்லி டேட்டாவை கணக்கு போட்டுக்கோங்க. ஃபைல் எல்லாத்தையும் வச்சுக்கவான்னு கேட்டா ஆமான்னு கொடுங்க.

அப்புறம் நடுவுல ரெண்டு மூணு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகும், சதவீதம் ஒரே இடத்துல இருபது நிமிஷம் நிக்கும், அப்பா சிஸ்டத்துல 61-ல நின்னுச்சு, அப்பா "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடவா"ன்னு கைய கொண்டு போயிட்டாரு, பிடிச்சு நிறுத்தினேன். சிபியுல டிஸ்க் லைட் மினுமினுத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் வேலை நடக்குதுன்னு அர்த்தம். ஆஃப் பண்ணவே பண்ணாதீங்க. எஸ்எஸ்டி இருந்தா ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிடும், பழைய ஹார்டு டிஸ்க்னா அரை நாள் கூட இழுக்கும்.

ஏறி முடிஞ்சதும் ஸ்டார்ட் பட்டன் நடுவுல இருக்கும், பெரியவங்களுக்கு அதுதான் பெரிய குழப்பம். டாஸ்க்பார்ல ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், பிஹேவியர்ஸ்ல அலைன்மெண்டை லெஃப்ட்னு மாத்துங்க, பாதி புகார் அதுலயே போயிடும். மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் சேமிப்பு இடமான ஒன்டிரைவ், டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் பேக்கப் பண்ணவான்னு கேக்கும், ஃப்ரீயா 5 ஜிபிதான், அவசரத்துல ஆமான்னு கொடுத்துட்டு பின்னாடி நிறுத்தினா ஃபைல் எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டர்குள்ள உட்கார்ந்துக்கிட்டு டெஸ்க்டாப் காலியா தெரியும், போச்சேன்னு அழ வேண்டாம், அந்த ஃபோல்டர்குள்ள போய் பாருங்க. நான் எங்க வீட்டுல வேண்டாம்னுதான் கொடுத்தேன்.

தமிழ் அடிக்கிறவங்க செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய் தமிழ் இருக்கான்னு பாருங்க, அதோட லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்ல ஆட் கீபோர்டு கொடுத்தா தமிழ் 99-ம் அஞ்சலும் உள்ளயே இருக்கு, 2019-ல விண்டோஸ் 10-ல வந்தது இதுலயும் தொடருது, தனி சாஃப்ட்வேர் தேவையே இல்ல. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினா மாறும். லதா ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைல் வேற மாதிரி தெரிஞ்சா ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்னு தேடி சேர்த்துடுங்க.

ப்ராசசர் நிஜமாவே பழசு, 11 ஏறவே ஏறாதுன்னு இருக்கிறவங்களுக்கு: ரூஃபஸ்ங்கிற டூல் வச்சு செக்கிங்கை தாண்டி போடலாம், போட்டவங்க இருக்காங்க, ஆனா அந்த மாதிரி சிஸ்டத்துக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் கொடுக்கல. தானே சரி பண்ணிக்கத் தெரிஞ்சவங்க போட்டுக்கலாம், தனியா இருக்கிற அப்பா அம்மா சிஸ்டத்துக்கு நான் போட மாட்டேன். அவங்களுக்கு பிரவுசரும் மெயிலும்தான் வேணும்னா விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ் போட்டுக் கொடுங்க, மின்ட் 22-க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, பாக்கவும் பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சிருக்கிற வீட்டுக்கு அது ஒத்து வராது.

கடைசியா, பத்து நாள் கணக்கு. அப்கிரேட் ஆன நாள்ல இருந்து 10 நாளைக்குள்ள பிடிக்கலன்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரில கோ பேக் கொடுத்து 10-க்கே திரும்பிடலாம், பழைய விண்டோஸ் மொத்தமும் விண்டோஸ் ஓல்டுங்கிற ஃபோல்டர்ல சி டிரைவ்ல இருக்கும். 20 ஜிபி அடைச்சிருக்கேன்னு மறுநாளே அழிச்சிட்டா அந்த வழி மூடிடும். அந்த பத்து நாளுக்குள்ள வீட்டுல யார் யார் எதை யூஸ் பண்றாங்களோ எல்லாத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, பிரிண்டர்ல ஒரு பக்கம் எடுங்க, ஸ்கேன் பண்ணுங்க, பேங்க் சைட்ல லாகின் பண்ணுங்க, வீடியோ கால்ல மைக் வேலை செய்யுதான்னு பாருங்க. எங்க வீட்டுல ஆறாவது நாள்தான் தெரிஞ்சுது, பிரிண்ட் வருது, ஸ்கேன் வரல. பிரிண்டர் கம்பெனி சைட்ல மாடல் நம்பர் போட்டு விண்டோஸ் 11-க்கான டிரைவரை இறக்கிப் போட்டதும் சரியாயிடுச்சு, அப்பா அன்னைக்கே சங்க நோட்டீஸ் ஒண்ணை ஸ்கேன் பண்ணி குரூப்ல போட்டாரு.